கியோட்டோவில் செர்ரிப் பூக் காலத்தில் வாடகை மிதிவண்டி: எங்கள் வயதில் ஒத்துவருமா?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் 5 முதல் 10 வரை நானும் என் மனைவியும் மாமனாரும் கியோட்டோவில் தங்கவிருக்கிறோம். எனக்கு 56 வயது, மனைவிக்கு 52, மாமனாருக்கு 72. செர்ரிப் பூக்களைப் பார்ப்பதற்காகவே பல ஆண்டுகள் காத்திருந்து போடும் பயணம் இது. அந்த நாட்களில் நகரப் பேருந்துகளில் கால் வைக்க இடம் இருக்காது என்று சென்றுவந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனவே, தங்குமிடத்துக்கு அருகில் மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்து இரண்டு அல்லது மூன்று நாட்கள் சுற்றலாமா என்று யோசிக்கிறோம்.

மாமனார் இன்றும் நாள்தோறும் மிதிவண்டி ஓட்டுபவர் என்பதால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. நான் அவ்வப்போது ஓட்டுவேன். என் மனைவி மிதிவண்டியில் ஏறி இருபது ஆண்டுகள் ஆகின்றன; அவருக்கு விருப்பம் இருக்கிறது, ஆனால் அயல்நாட்டுச் சாலை என்பதால் தயக்கமும் இருக்கிறது.

முதல் நாளுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது: காலையில் பொன் மண்டபக் கோயில், பிறகு வெள்ளி மண்டபக் கோயில், மதியம் கியோமிசு கோயில், மாலையில் செந்நிற வாயில்கள் வரிசையாக நிற்கும் புஷிமி இனாரி. இது ஒரே நாளில் இயலுமா? சாலை விதிகள் கடுமையானவையா? வண்டியை எங்கே நிறுத்துவது? மழை வந்தால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கரையோரவாசி

வணக்கம் ஐயா. தாராளமாக ஓட்டலாம். ஒன்பது ஆண்டுகளாக இந்த நகரில் வசிக்கிறேன். வேலைக்கும் கடைக்கும் மிதிவண்டியில்தான் போய்வருகிறேன். கியோட்டோவைப் பார்க்க மிதிவண்டியைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். பொன் மண்டபம் நகரின் வடமேற்கு மூலையில் இருக்கிறது, வெள்ளி மண்டபம் வடகிழக்கில், இனாரி தென்கிழக்கில். (இந்த இரு மண்டபங்களின் ஜப்பானியப் பெயர்களையும் தமிழில் எழுதினால் ‘கின்ககுஜி’ என்று ஒரே எழுத்துகளாகவே வரும். பெயரைக் கேட்டு வழி சொல்பவர் எதைச் சொல்கிறார் என்று இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.) நான்கையும் ஒரே நாளில் தொட முனைந்தால், நெரிசலான பெருஞ்சாலைகளில் நாள் முழுவதும் மிதித்ததுதான் நினைவில் தங்கும், பூக்களைப் பார்த்தது தங்காது.

கோயில்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பின்தொடருங்கள். இந்நகரின் செர்ரி மரங்களில் பெரும்பகுதி ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும்தான் நிற்கிறது. மிதிவண்டிக்கு ஏற்ற சமதளமான வழிகளும் அங்கேதான் இருக்கின்றன. வழியில் எதிர்ப்படும் கோயிலில் இறங்கி நடந்தால் போதும்.

நில அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 794இல் தலைநகராக நிறுவப்பட்டபோது, சீனத்தின் சாங்கான் நகரத்தைப் பார்த்துச் சதுரங்கக் கட்டங்களைப் போலத் தெருக்களை வகுத்தார்கள். நகர மையத்தில் அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் மலைகள் தெரியும். மலை தெரியாமல் வானம் திறந்திருக்கும் திசை தெற்கு. இதைத் தெரிந்துகொண்டால் கைப்பேசியைப் பார்க்காமலேயே ஓட்டலாம். இங்குள்ளவர்கள் முகவரி சொல்லும்போதுகூட வடக்கே போவதை ‘ஏறுதல்’ என்றும் தெற்கே போவதை ‘இறங்குதல்’ என்றும்தான் சொல்வார்கள். அது வெறும் வழக்குச் சொல் அன்று. நகரம் உண்மையாகவே வடக்கு நோக்கி மெல்ல உயர்கிறது. தெற்கே தோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் சுமார் 55 மீட்டர் உயரமுள்ளது. வடக்கே கிதாஓஜி தெருவில் நிற்பவரின் கால்மட்டமும் அந்தக் கோபுரத்தின் உச்சியும் ஒரே உயரம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். ஆகவே காலையில், உடலில் தெம்பு இருக்கும்போது வடக்கே ஏறுங்கள்; மாலையில் மிதிக்காமலேயே தெற்கே இறங்கிவிடலாம்.

முதல் நாளைக் காமோ நதிக்குக் கொடுங்கள். சன்ஜோ பாலத்துக்கு அருகே ஆற்றங்கரைப் பாதையில் இறங்கினால், வடக்கே காமிகாமோ கோயில்வரை ஆறேழு கிலோமீட்டர் ஆற்றை ஒட்டியே போகலாம். பாதை பாலங்களுக்கு அடியில் புகுந்து செல்வதால் போக்குவரத்து விளக்குகளோ மகிழுந்துகளோ குறுக்கிடுவதில்லை. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஓட்டும் உங்கள் மனைவிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அது பந்தயப் பாதை அன்று. நாயை அழைத்து வருபவர், ஓடுபவர், பள்ளிக் குழந்தைகள், பாலத்தடியில் தனியாக ஊதுகுழல் பயிற்சி செய்பவர் என்று எல்லோருக்கும் அது பொதுவானது. சில இடங்களில் தார் போடாத மண்ணும் சரளையும்தான். நடப்பவர் வேகத்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும்.

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனதும் தெமாச்சியனாகி வரும். வடகிழக்கிலிருந்து வரும் தகானோ ஆறும் வடமேற்கிலிருந்து வரும் காமோவும் அங்கே கூடுகின்றன. ஆமை வடிவில் செதுக்கிய கற்களைத் தாண்டித் தாண்டி ஆற்றைக் கடக்கலாம். வண்டியைக் கரையில் நிறுத்திப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். உணவுப் பொட்டலத்தை மட்டும் அங்கே பிரிக்க வேண்டாம். மேலே வட்டமிடும் பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து கையில் இருப்பதைப் பறித்துவிடும்; எச்சரிக்கைப் பலகைகளே வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து மேலும் வடக்கே போனால், கிதாஓஜி பாலத்துக்கும் கிதாயாமா பாலத்துக்கும் இடையில், தாவரவியல் பூங்காவை ஒட்டிய கிழக்குக் கரையில் ‘நகராகி’ என்னும் பாதை இருக்கிறது. ஏறத்தாழ 800 மீட்டர் தூரத்துக்குத் தொங்கு செர்ரி மரங்களின் கிளைகள் பந்தல்போல் வளைந்திருக்கும். அந்தப் பகுதியில் வண்டியை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு செல்லுங்கள். நீங்கள் வரும் தேதிகளுக்கு இந்த இடம் மிக முக்கியமானது. எங்கும் காணப்படும் சோமேய் யோஷினோ வகை மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முழுமையாகப் பூத்து, ஒரு வாரத்துக்குள் உதிரத் தொடங்கிவிடும். இந்தத் தொங்கு மரங்கள் சில நாட்கள் பின்தங்கிப் பூப்பவை. இந்நகரின் பூக்கும் நாட்களை 9ஆம் நூற்றாண்டு முதலான நாட்குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். அந்த நெடிய வரிசையில் பல நூற்றாண்டுகளாக 1409இன் மார்ச் 27தான் மிக முந்தைய உச்சநாளாக இருந்தது, 2021இன் மார்ச் 26 அதையும் முந்திவிட்டது. காலம் அப்படி முந்திக்கொண்டு வருவதால், ஏப்ரல் 5க்கு வருபவர்கள் உதிர்வதைப் பார்க்கவும் ஆயத்தமாக வர வேண்டும். எனக்கு முழுப் பூவைவிட உதிர்வே பிடிக்கும். காற்றடித்தால் இதழ்கள் மழையாகப் பொழியும். நீரில் விழுந்தவை ஒன்றோடொன்று ஒட்டி மிதந்துபோவதற்கு ‘பூத்தெப்பம்’ என்று பொருள்படும் ஒரு சொல்லே ஜப்பானிய மொழியில் இருக்கிறது.

அந்தத் தெப்பத்தை இரண்டாம் நாளில் பார்ப்பீர்கள். பிவா ஏரிக் கால்வாயின் நீர், நிஜோ பாலத்துக்குச் சற்று வடக்கே, கிழக்கிலிருந்து காமோ நதியில் வந்து கலக்கிறது. அங்கிருந்து கால்வாயை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு ஓக்கசாகி வழியாகக் கெயாகேவரை போங்கள். இருபுறமும் செர்ரி, நடுவே படகுகள்.

இந்தக் கால்வாயைப் பற்றி நான் சற்று அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1869இல் பேரரசர் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு கியோட்டோ தளர்ந்துபோனது. அந்நகரை மீட்கவே, மலைகளைக் குடைந்து பிவா ஏரியின் நீரைக் கொண்டுவர 1885இல் வேலையைத் தொடங்கி 1890இல் முடித்தார்கள். அதை வடிவமைத்து நடத்திய தனாபே சகுரோ, பொறுப்பேற்றபோது பொறியியல் படிப்பை முடித்துச் சிறிது காலமே ஆன இளைஞர். அந்த நீரைக்கொண்டு 1891இல் கெயாகேயில் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரத்தில் 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் இந்நகரில் ஓடியது. கெயாகேயில் படகுகளைச் சக்கரத் தொட்டிலில் ஏற்றி மேட்டுக்கு இழுத்த 582 மீட்டர்த் தண்டவாளச் சரிவு இன்றும் இருக்கிறது. இப்போது அதன் இரு ஓரங்களிலும் செர்ரி பூக்கிறது, மக்கள் தண்டவாளத்தின்மேல் நடக்கிறார்கள். அங்கே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்; கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். பக்கத்திலுள்ள நன்சென்ஜி கோயில் வளாகத்துக்குள் செங்கல் வளைவுகளின்மேல் அதே கால்வாயின் கிளை ஓடுவதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

அந்தக் கிளைதான் மலையடிவாரமாக ஓடித் தத்துவப் பாதையை ஒட்டிச் செல்கிறது. கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ நடந்து சிந்தித்த வழி என்பதால் அந்தப் பெயர். மரங்கள் தாமாக வந்தவை அல்ல. ஓவியர் ஹஷிமோத்தோ கன்செத்சுவும் அவர் மனைவியும் 1921இல் தந்த கன்றுகளிலிருந்து தொடங்கியவை. ஊரின் ஆறுகள் எல்லாம் தெற்கே ஓட, இந்தக் கால்வாய் மட்டும் வடக்கே ஓடுகிறது. எனவே தெற்கு முனையில் தொடங்கினால், மிதக்கும் இதழ்கள் உங்களுடன் கூடவே வெள்ளி மண்டபம்வரை வரும். ஆனால் பூக் காலத்தில் இந்த இரண்டு கிலோமீட்டரையும் மிதிவண்டியில் கடக்க நினைப்பது தவறு. பாதை குறுகியது, தோளோடு தோள் உரசும் கூட்டம். சற்று மேற்கே இணையாகச் செல்லும் ஷிஷிகதானி தெருவில் ஓட்டுங்கள். நிறுத்துமிடம் கண்டு, பாதையில் நடந்தே செல்லுங்கள். காலை ஏழு மணிக்குப் போனால் நீரின் ஓசை கேட்கும்.

கியோமிசுவுக்கு மிதிவண்டி வேண்டவே வேண்டாம். அதைச் சுற்றிய நினென்சாகா, சன்னென்சாகா தெருக்கள் படிகளும் செங்குத்தான சரிவுகளுமானவை.

மறுமொழி 2: சக்கரம்27

முன்னவர் வழியைச் சொல்லிவிட்டார். நான் விதிகளை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் சுற்றுலாப் பயணிகள் இவற்றை இலேசாக எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பலமுறை வருந்தியிருக்கிறேன். ஜப்பானில் மிதிவண்டி சட்டப்படி ஒரு வாகனம். நம்மைப் போலவே இடப்பக்கம் செல்லும் நாடு என்பதால் அதில் குழப்பம் இராது. ஆனால் நம்மில் பலருக்குப் பழகிப்போன சில செயல்கள் அங்கே குற்றம். சாலையின் வலப்பக்க ஓரமாக எதிர்த்திசையில் வருவது, சிவப்பு விளக்கில் ஆள் இல்லை என்று நழுவுவது, இருவர் அருகருகே பேசிக்கொண்டு ஓட்டுவது, ஒரு கையில் குடை பிடிப்பது, பெரியவர் ஒருவரைப் பின்னால் ஏற்றிச் செல்வது ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டவை.

2026 ஏப்ரல் 1 முதல், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள மிதிவண்டி ஓட்டுநர்களுக்குக் காவலர் அந்த இடத்திலேயே ‘நீலச் சீட்டு’ என்னும் தண்டச் சீட்டைத் தரும் முறை அமலில் உள்ளது. கைப்பேசியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென், சிவப்பு விளக்கை மீறினால் 6,000 யென், குடை பிடித்து ஓட்டினால் 5,000 யென், அருகருகே ஓட்டினால் 3,000 யென். கைப்பேசியில் வழி பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி, கால் ஊன்றிப் பாருங்கள்.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூ மரத்தடியில் விரிப்பு விரித்துக் குடிப்பது அங்கே வசந்த வழக்கம். அக்கம்பக்கத்தார் அன்போடு ஒரு குவளை நீட்டவும் கூடும். மிதிவண்டியில் வந்திருந்தால் மறுத்துவிடுங்கள். 2024 நவம்பர் முதல், உடலில் மது இருக்கும் நிலையில் மிதிவண்டி ஓட்டுவதற்கு மூன்றாண்டுவரை சிறை அல்லது 5,00,000 யென்வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. குடித்தவருக்கு வண்டியைத் தருபவரும் தண்டனைக்கு உரியவர்.

வலப்பக்கம் திரும்புவதில் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மகிழுந்துகளைப் போல நடுச்சாலைக்குச் சென்று நேராக வலப்பக்கம் திரும்பக் கூடாது. பச்சை விளக்கில் இடப்புறமாகவே நேரே கடந்து, எதிர்முனையில் வண்டியைத் திருப்பி நின்று, அந்தத் திசைக்குப் பச்சை வந்ததும் போக வேண்டும். இரண்டு கட்டமாகத் திரும்புவது என்று இதற்குப் பெயர். உள்தெருக்களின் முனைகளில் தலைகீழான சிவப்பு முக்கோணப் பலகையைக் கண்டால் முழுவதுமாக நில்லுங்கள். கியோட்டோவின் உள்தெருக்கள் குறுகியவை. வீடுகள் தெருவை ஒட்டியே நிற்பதால் குறுக்கே வருபவர் கடைசி நொடிவரை தெரியமாட்டார். உங்கள் மனைவியைப் பொறுத்தவரை, மற்ற எல்லா விதிகளையும்விட அவருடைய பாதுகாப்புக்கு உதவக்கூடியது இந்த ஒன்றுதான்.

நடைபாதையில் ஓட்டலாமா என்பது அடுத்த சிக்கல். பொதுவாகக் கூடாது. நடப்பவரும் மிதிவண்டியும் வரையப்பட்ட நீல வட்டப் பலகை இருக்கும் நடைபாதையில் மட்டும் ஓட்டலாம். ஆனால் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 70 வயதும் அதற்கு மேலும் உள்ள முதியவர்களுக்கும் பலகை இல்லாத நடைபாதையிலும் அனுமதி உண்டு. ஆகவே உங்கள் மாமனார் அப்படிப் போகலாம். நீங்களும் மனைவியும் போக முடியாது. அவரும் சாலையை ஒட்டிய பாதியில், உடனே நிற்கக்கூடிய வேகத்தில்தான் செல்ல வேண்டும். நடப்பவரை விலகச் சொல்லி மணி அடிப்பது முறையன்று. காத்திருக்க வேண்டும், இல்லையேல் இறங்கித் தள்ள வேண்டும்.

ஷிஜோ, கவராமாச்சி ஆகிய பெருந்தெருக்களின் நெரிசலான பகுதிகளில் பகல் நேரங்களில் மிதிவண்டிக்கே தடை இருக்கிறது. அங்கே நுழைய வேண்டியிருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடுங்கள். தலைக்கவசம் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய முயல வேண்டியது என்று சட்டம் சொல்கிறது. அணியாததற்குத் தண்டம் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கி அணியுங்கள். கியோட்டோவில் மிதிவண்டிக்கு விபத்துப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். வாடகைக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

மறுமொழி 3: தென்றல்வழி

சகோதரருக்கு வணக்கம். நானும் என் கணவரும் எங்கள் பதினேழு வயது மகனும் இதே போன்ற ஏப்ரல் நாட்களில் நான்கு நாள் ஓட்டினோம். நிறுத்துமிடம் குறித்துக் கேட்டிருந்தீர்கள்; அதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஒரு சிற்றுண்டிக் கடையின் எதிரே, ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் நின்ற ஓரத்தில் எங்களுடையவற்றையும் விட்டுப் பூட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது எல்லா வண்டிகளும் இல்லை. தரையில் ஓர் அறிவிப்புத் தாள் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. திருட்டு என்று நினைத்துக் கலங்கினோம். அருகிலிருந்த கடைக்காரப் பெண்மணிதான், நகராட்சி வண்டி வந்து ஏற்றிச் சென்றது என்று சைகையால் விளக்கினார். தொலைவில் இருந்த சேமிப்பிடத்துக்கு டாக்சியில் போய், ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் யென் கட்டி மீட்டோம். அந்தப் பிற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. பிறர் நிறுத்தியிருப்பதை அனுமதி என்று கொள்ளாதீர்கள்.

சரியான வழி எளிதானது. நிலையங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் அருகில் கட்டண நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. முன்சக்கரத்தைத் தடத்துக்குள் செலுத்தினால் ஒரு கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தத் தடத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது பொறியில் அந்த எண்ணை அழுத்திக் காசு போட்டால் திறந்துவிடும். பல இடங்களில் தொடக்கத்தில் சிறிது நேரம் இலவசம். அதன் பிறகும் 100, 200 யென் அளவுதான். நூறு யென் நாணயங்களைத் தனிப் பையில் சேர்த்து வையுங்கள், சில பொறிகள் பெரிய தாள்களை ஏற்பதில்லை. எண்ணை மட்டும் மாற்றி அழுத்திவிட்டால் வேறொருவருடைய வண்டிக்குக் கட்டணம் கட்டிவிடுவீர்கள்.

எங்களுக்கு மறக்க முடியாத நாள், நகரை விட்டு வெளியே போன நாள்தான். நகரின் மேற்கு விளிம்பில் உள்ள அராஷியாமாவில், தொகேத்சு பாலத்துக்கு அருகிலிருந்து கத்சுரா ஆற்றின் கரையோடு மிதிவண்டிக்கான பாதை தெற்கே போகிறது; முழு நீளம் சுமார் 45 கிலோமீட்டர், கிசு என்னும் ஊர்வரை செல்லும். நாங்கள் யவாத்தாவில் உள்ள செவாரிதே கரைவரை போனோம், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கத்சுரா, உஜி, கிசு என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே, இரண்டு ஆறுகளைப் பிரிக்கும் நீண்ட மண்கரையின்மேல் 1.4 கிலோமீட்டருக்கு இருபுறமும் செர்ரி மரங்கள் கைகோத்து நிற்கின்றன. தூரத்தில் வெளிறிய மேகம் ஒன்று தரையில் படிந்திருப்பதைப் போலத் தெரிந்து, அரைமணி நேரம் மிதித்த பிறகுதான் அது மரங்கள் என்று புரிந்தது. மகன் ஒன்றும் பேசாமல் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். இரண்டு வார்த்தைக்கு மேல் எதையும் புகழாத பிள்ளை, அங்கே ஒரு மணி நேரம் நகர மறுத்தான்.

இன்னும் சில கிலோமீட்டர் கிசு ஆற்றை ஒட்டிப் போனால், கோசுயா என்ற ‘மிதக்கும் பாலம்’ வரும். வெள்ளம் வரும்போது உடைந்துபோகாமல் இருக்க, மரப்பலகைத் தளம் தூண்களை விட்டுக் கிளம்பி மிதக்கும்படி, கம்பிவடத்தால் கட்டி அமைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் பலகைகளை இழுத்து மீண்டும் அடுக்குகிறார்கள். கைப்பிடிச் சுவர் கிடையாது. அதன்மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது.

ஒரு எச்சரிக்கை. திரும்பும்போது களைத்துவிட்டால் வண்டியோடு இரயிலில் ஏறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். கழற்றிப் பையில் இட்ட மிதிவண்டிக்கு மட்டுமே இடம் உண்டு. வாடகை வண்டியில் அது நடக்காது. திறந்த ஆற்றங்கரையில் எதிர்காற்று அடித்தால் திரும்பும் இருபது கிலோமீட்டர் நாற்பதாகத் தோன்றும். உங்கள் மனைவிக்கு இந்த நாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்களும் மாமனாரும் மட்டும் போய்வந்தால் நல்லது. அல்லது மூவரும் கெய்ஹான் இரயிலில் செவாரிதே அருகிலுள்ள நிலையத்தில் இறங்கி, கரையில் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

கேள்வி கேட்டவர்: நெடுவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய திட்டத்தைக் கிழித்துவிட்டேன். முதல் நாள் காமோ நதி, இரண்டாம் நாள் கால்வாய் என்று முடிவாகிவிட்டது. யவாத்தாவுக்கு மாமனார் இப்போதே ஆயத்தமாக இருக்கிறார்.

இன்னும் மூன்று ஐயங்கள். மனைவிக்கு மின்னுதவி வண்டி (மிதிக்கும்போது மின்மோட்டார் துணைசெய்வது) எடுப்பதா, சாதாரண வண்டி எடுப்பதா? அவருக்கு இலேசான ஒவ்வாமை மூச்சிரைப்பு உண்டு. வசந்தத்தில் அங்கே மகரந்தத் தொல்லை என்று கேள்விப்பட்டேன், அது எந்த அளவுக்கு? காலையில் குளிர் எப்படி இருக்கும்?

மறுமொழி 4: கரையோரவாசி

முதல் நாள் சாதாரண வண்டியே எடுங்கள். நாள் வாடகை 1,000 யென்னை ஒட்டி இருக்கும். மின்னுதவி வண்டிக்கு அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பணம் காரணமன்று. மின்னுதவி வண்டி கனமானது. மிதியில் கால் பட்டதுமே முன்னே பாயும். விளக்கில் நிற்கும்போது பழக்கமில்லாதவர் மிதியில் காலை ஊன்றி ஓய்வெடுத்தால், வண்டி நடைபாதைக் கடப்புக்குள் நகர்ந்துவிடும். எனவே அவர் முதலில் முன்கூடை வைத்த, தாழ்ந்த சட்டமுள்ள ‘மமச்சாரி’ வண்டியில் சமநிலையை மீட்டுக்கொள்ளட்டும். இருக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படும் அளவுக்கு இருக்கையை இறக்கித் தரச் சொல்லுங்கள். மிதிப்பதற்கு அது சிறந்த உயரம் அன்று, ஆனால் அச்சம் போவதற்கு அதுவே சிறந்தது. 26 அங்குலச் சக்கரம் உயரமாகத் தோன்றினால் 24 அங்குலம் கேளுங்கள். இரண்டாம் நாள் கெயாகே ஏற்றத்துக்கு அவருக்கு மின்னுதவி வண்டி எடுத்துக்கொள்ளலாம். கடையில் பிரேக்குகளையும் முன்விளக்கையும் உங்கள் கையாலேயே சோதித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மகரந்தம் குறித்து நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. செர்ரிப் பூவால் தொல்லை இல்லை. மலைகளில் நட்டு வளர்த்த சுகி, ஹினோகி என்னும் ஊசியிலை மரங்களின் மகரந்தம்தான் காற்றில் பரவுகிறது. சுகி பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். நீங்கள் வரும் நாட்களில் ஹினோகி மிகுந்திருக்கும். காற்றுள்ள வெயில் நாளில் கூடுதல், மழைக்கு மறுநாள் உலர்ந்து காற்று எழும்போது இன்னும் கூடுதல். முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து ஓட்டட்டும்; பாதி ஊர் அப்படித்தான் ஓட்டுகிறது. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்து முன்கூடையில் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில் விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும், பிற்பகலில் இருபதைத் தொடலாம். பூக்கும் நாட்களில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு ‘பூக்குளிர்’ என்றே இங்கே பெயர். மெல்லிய கையுறை அவசியம். ஆற்றங்கரையில் முதலில் மரத்துப்போவது விரல்கள்தான். மழைக்குக் குடை கிடையாது என்று சொல்லப்பட்டுவிட்டது. மேலும் கீழுமாக இரண்டு துண்டாக உள்ள மழையுடை எந்தச் சிறுகடையிலும் கிடைக்கும். பலத்த மழை என்றால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம். காமோவின் நீர் ஏறும்போது பாலத்தடிப் பாதைகள் முழுகிவிடும். மழை விட்ட மறுநாள் காலையிலும் அங்கே சேறு வழுக்கும். அந்த நாளைப் பேருந்துக்கோ சுரங்க இரயிலுக்கோ கொடுங்கள். பேருந்துக்கு மட்டுமான பழைய ஒருநாள் சீட்டின் விற்பனை 2023இலேயே நின்றுவிட்டது. சுரங்க இரயிலையும் பேருந்தையும் சேர்த்த 1,100 யென் சீட்டுதான் இப்போது இருக்கிறது.

ஏப்ரல் 9, 10 தேதிகளில் நேரம் மிச்சம் இருந்தால் நின்னாஜி கோயிலுக்குப் போங்கள். நகரின் மற்ற மரங்கள் உதிர்ந்தபின் பூக்கும் ஓமுரோ வகை அங்கே இருக்கிறது. மரங்கள் குட்டையானவை, பூக்கள் முகத்துக்கு நேரே இருக்கும். உங்கள் மாமனார் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.